முன்பின் தெரியாத முத்தையாவுக்கு ஒரு படையல்

முன்பின் தெரியாத ஒருவருடைய கல்லறைக்கு நான் பச்சை பெயிண்ட் அடித்திருக்கிறேன். அடித்ததோடு விட்டேனா? முப்பத்தெட்டுச் சொந்தக்காரர்களைக் கூட்டி வந்து நிறுத்தி, ஆட்டுக்கறிப் பெரட்டலும் நண்டுமாகப் படையல் போட்டு, அவருடைய தலைமாட்டில் என் பெயர் பொறித்த பலகை ஒன்றையும் சிமெண்ட் பூசிப் பதித்திருக்கிறேன். அந்த மனிதருக்கும் எங்கள் குடும்பத்துக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. இதை நானே சொல்லிவிடுவதுதான் எனக்கு மரியாதை. பினாங்கில் என் உறவினர் எவரையாவது நீங்கள் சந்திக்க நேர்ந்தால், "பசியாறியாச்சா?" என்று கேட்ட கையோடு இந்தக் கதையைத்தான் எடுப்பார்கள். அவர்கள் சொல்லும்போது பெயிண்ட் வாளி இரண்டாகிவிடும். (சித்தப்பா மகன் சொன்னால் மூன்று.)

இத்தனைக்கும் தொடக்கம் என் அப்பாவின் ஒரு கவலை.

தை அமாவாசையன்று அப்பா கோயிலுக்குப் போய்த் தன் முன்னோருக்குத் திதி கொடுப்பார். எள்ளும் தண்ணீரும் விடும்போது குருக்கள் மூன்று தலைமுறையின் பெயர்களைக் கேட்பார். வரிசையாக உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் டாண் டாண் என்று சொல்லிக்கொண்டே போவார்கள். பிறகு அப்பாவின் முறை வரும்.

"அப்பா பேரு?"

"கருப்பையா."

"தாத்தா பேரு?"

இந்த இடத்தில் அப்பா விரலில் மாட்டியிருக்கும் தர்ப்பையைத் திருகத் தொடங்குவார். "தெரியல சாமி" என்பார், தனக்கே கேட்காத குரலில். குருக்கள் நல்ல மனிதர். பெயர் தெரியாதவர்களுக்கென்று அவரிடம் ஒரு வரி உண்டு. அதைச் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்துவிடுவார். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் திரும்பிப் பார்ப்பார். வருடா வருடம் யாராவது ஒருவர் திரும்பிப் பார்த்துவிடுவார்.

அப்பாவுக்கு எழுபத்தொன்பது வயதான வருடம், திதி முடிந்து திரும்பும்போது காடியில் (காரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) என் பக்கத்தில் உட்கார்ந்து, வெளியே பார்த்தபடி சொன்னார்: "எனக்கும் நாள் நெருங்குதுலா. அங்க போய் அவர நேர்ல பாத்தா என்னான்னு கூப்புடுறது? பேரன்னு சொல்லிக்கிட்டு வர்ற, என் பேரே ஒனக்குத் தெரியலயேன்னு கேட்டா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அதன் பிறகு வீடு வரும்வரை பேசவில்லை. அவர் தீவுக்கும் கரைக்கும் போகும் ஃபெரியில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். எந்த அலைக்கும் அசராத மனிதர். அவர் அப்படி உட்கார்ந்திருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. அன்றே முடிவு செய்துவிட்டேன்: அடுத்த தைக்குள் அப்பாவின் வாயில் அந்தப் பெயரைக் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும்.

இங்கே என் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் திமிர் அங்கிருந்துதான் வந்தது. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். கடலைப்பருப்பு அளவுள்ள ஒரு சில்லில் கோளாறு வந்தால், அது எந்த நாளில், எந்த ஷிஃப்டில், எந்த இயந்திரத்தில் செய்யப்பட்டது என்று கண்டுபிடிப்பது என் வேலை. அப்படிப்பட்ட எனக்கு ஐந்தரை அடி ஆளைக் கண்டுபிடிப்பதா கஷ்டம் என்று நினைத்தேன். (சில்லுக்கு எண் உண்டு என்பதை மறந்துவிட்டேன்.)

எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அப்பாவின் தாத்தா பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர். ஜார்ஜ் டவுனில் மாட்டு வண்டி ஓட்டினார். அவருடைய மகன் கருப்பையா, அதாவது என் தாத்தா, நடக்கப் பழகும் வயதிலேயே அவர் இறந்துவிட்டார். கருப்பையா யார் யார் வீட்டிலோ வளர்ந்தார். என் அப்பாவுக்கு ஒன்பது வயதாகும்போது கருப்பையாவும் போய்விட்டார். ஒன்பது வயதுப் பிள்ளை தன் அப்பாவிடம் மிட்டாய் கேட்கும், பட்டம் கேட்கும். தாத்தா பெயரையா கேட்கும்? (கேட்கத் தோன்றிய வயதில் அப்பாவுக்கு அம்மாவும் இல்லை.)

முதலில் கருப்பையாவின் இறப்புப் பத்திரத்தின் நகலை எடுத்தேன். தந்தை பெயர் என்ற கட்டத்தில் யாரோ ஒரு எழுத்தர் அழகாக ஒரு கோடு போட்டிருந்தார். அந்தக் கோட்டை நான் பூதக்கண்ணாடி வைத்துக்கூடப் பார்த்தேன். கோடுதான். பிறகு பழைய கப்பல் பட்டியல்கள். அவற்றில் முத்து, கருப்பன், ராமன் என்று பக்கம் பக்கமாக ஆட்கள் இருந்தார்கள். ஊர் இல்லை, தகப்பன் பெயர் இல்லை. கடைசியில் ஒரு கோயிலின் பழைய உபயதாரர் ஏடு கிடைத்தது. அதில் பாதியைக் கரையான் தின்றிருந்தது. கரையானுக்கு எங்கள் பரம்பரைமேல் ஏதோ தனிப்பட்ட கோபம் இருந்திருக்க வேண்டும். எங்கெல்லாம் எனக்கு விவரம் தேவைப்பட்டதோ அங்கெல்லாம் பார்த்துப் பார்த்துத் தின்றிருந்தது. ஆவணக் காப்பகத்தில் இருந்த ரோஸ் அக்கா என்ற மலாய்ப் பெண்மணி என்மேல் இரக்கப்பட்டு, நான் கேட்காத ஏடுகளைக்கூட எடுத்து வந்து வைப்பார். எட்டு மாதம் ஒவ்வொரு விடுமுறை நாளும் அங்கேதான் கிடந்தேன். அவருக்கு என் தாத்தாவின் பெயர் பாடமாகிவிட்டது. எனக்குத்தான் தாத்தாவின் அப்பா கிடைத்தபாடில்லை.

ஒரு மழை நாளில், ஏட்டைப் பார்த்து அலுத்துப்போய் உட்கார்ந்திருந்தபோது, எனக்கு அந்த ஞானம் பிறந்தது. ஆவணம் எதற்கு? நம் வழக்கம்தான் இருக்கிறதே! எங்கள் வகையறாவில் மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தாவின் பெயரை வைப்பார்கள். என் அப்பா வீட்டுக்கு மூத்தவர். அவர் பெயர் முத்தையா. ஆகவே அவருடைய தாத்தாவும் முத்தையா. அந்த முத்தையாவின் மகன் கருப்பையா. ஆகவே முத்தையாவின் அப்பாவும் கருப்பையாவாக இருக்க வேண்டும். கருப்பையா, முத்தையா, கருப்பையா, முத்தையா என்று ஒன்றுவிட்டு ஒன்று மேலே போய்க்கொண்டே இருக்கும். ஏணி மாதிரி இருந்தது. (எனக்கு மட்டும் குணசேகரன் என்று பெயர் வந்தது, அம்மா பிடித்த பிடிவாதத்தால்.)

வீட்டுக்கு வந்து மனைவி விமலாவிடம் படம் போட்டு விளக்கினேன். அவள் வெங்காயம் உரித்தபடி கேட்டுவிட்டு, "கணக்கு நல்லாத்தான் இருக்கு. மாமாகிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றாள்.

"அவருக்குத் தெரியாதுன்னுதானே நான் தேடுறேன்?"

"பேரு தெரியாது. வேற ஏதாவது தெரியலாம்ல?"

அவருக்கு இது ஆச்சரியமாக இருக்க வேண்டும் என்று சொல்லி அவள் வாயை அடைத்துவிட்டேன். இந்தக் கட்டுரையில் என் முட்டாள்தனத்துக்கு ஒரு நினைவுக்கல் நட வேண்டுமென்றால் இந்த இடத்தில்தான் நட வேண்டும்.

பிறகு 'கருப்பையா மகன் முத்தையா'வைத் தேடிப் புறப்பட்டேன். இப்படி ஒரு பெயரைத் தீர்மானித்துக்கொண்டு தேடினால் கிடைக்காமலா போகும்? மூன்றாவது வாரமே கிடைத்துவிட்டார். தீவின் பழைய இந்து மயானத்தில், இடுப்பளவு லாலாங் புல்லுக்குள், ஒரு சின்னக் கல்லறை. பாசி படிந்த கல்லில் விரலை வைத்துத் தடவித் தடவிப் படித்தேன்: 'கருப்பையா குமாரன் முத்தையா'. அதற்குக் கீழே ஒரு வண்டிச் சக்கரம் செதுக்கியிருந்தது.

சக்கரம்! மாட்டு வண்டி! அந்தக் காலத்தில் ஜார்ஜ் டவுன் தமிழர்களில் எத்தனையோ பேர் மாட்டு வண்டிதான் ஓட்டினார்கள் என்பதெல்லாம் அப்போது என் நினைவுக்கு வரவில்லை. லாலாங் புல்லுக்குள் நின்று கையைத் தூக்கிக் கத்தினேன். பக்கத்துக் கல்லறையில் பூ வைத்துக்கொண்டிருந்தவர் பூவைப் போட்டுவிட்டு ஓடிவந்தார், பாம்பு கடித்துவிட்டது என்று நினைத்து.

அப்பாவிடம் சொன்னேன். அவர் விரல்விட்டு ஏதோ எண்ணிப் பார்த்தார். பிறகு, "முத்தையாவா? ரெண்டு பக்கமும் முத்தையாவா?" என்றார்.

இரண்டு பக்கமும் என்றால் என்ன என்று மூளையுள்ள எவனும் கேட்டிருப்பான். நான் கேட்கவில்லை. "முத்தையா சாதாரணப் பேருதானேப்பா. கப்பல் லிஸ்ட்ல எத்தன முத்தையா!" என்று சொல்லிவிட்டு வேலையில் இறங்கினேன்.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் கல்லறைக்குப் போய்ச் சுத்தம் செய்து கும்பிடும் நாளில், குடும்பம் மொத்தமும் கூட வேண்டும் என்று வாட்ஸ்அப் புலனத்தில் அறிவித்தேன். அதற்கு முந்தைய வாரம் நானே போய்ப் புல்லை வெட்டிப் பாசியைச் சுரண்டி பெயிண்ட் அடித்தேன். தொழிற்சாலையில் தரைக்கு அடித்து மீந்த ஒரு வாளி பெயிண்டை எடுத்துக்கொள்ளச் சொல்லி மேலாளர் கொடுத்திருந்தார். எப்பாக்சி. அதன்மேல் சரக்குத் தூக்கி வண்டி ஏறி இறங்கினாலும் உரியாது.

"கல்லறைக்கு வெள்ளைதானேங்க அடிப்பாங்க?" என்றாள் விமலா.

"பச்சைதான் இருக்கு. நம்ம தாத்தாதானே, கோவிச்சுக்க மாட்டாரு."

பலகையில் என்ன பொறிப்பது என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் 'கொள்ளுப்பேரன் குணசேகரனின் விடாமுயற்சியால் கண்டெடுக்கப்பட்டது' என்று பொறிக்கச் சொன்னேன். 'விடா' என்பதைப் பொறிக்கும் கடையில் நின்றுகொண்டிருக்கும்போதுதான் சேர்த்தேன்.

அந்த ஞாயிறு காலை புக்கிட் மெர்தாஜாமிலிருந்தும் கெப்பாலா பத்தாஸிலிருந்தும் பாலத்தைக் கடந்து வேன் வேனாகச் சொந்தங்கள் வந்து இறங்கினார்கள். வாழையிலை விரித்து, ஆட்டுக்கறிப் பெரட்டல், நண்டு, அவித்த முட்டை, முறுக்கு, அதிரசம், ஒரு சுருட்டு, ஒரு போத்தல் கறுப்பு பீர், ஒரு குவளை பால் விடாத கோப்பி ஓ எல்லாம் வைத்தோம். அவருக்கு எது பிடிக்கும் என்று தெரியாததால் எல்லாவற்றையும் வைத்துவிட்டோம்.

அப்பா வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தார். முழங்கால் வலியோடு மெல்லக் குனிந்து, அந்தக் கல்லின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"தாத்தா" என்றார்.

அவர் வாழ்க்கையில் அந்தச் சொல்லை யாரையும் பார்த்துச் சொன்னதில்லை. எழுபத்தொன்பது வயதில் முதல் தடவையாகச் சொல்கிறார். எட்டு மாத அலைச்சலும் அந்த ஒரு சொல்லில் தீர்ந்துபோன மாதிரி இருந்தது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான் உரை தயாரித்து வைத்திருந்தேன்.

வம்சாவளிப் படத்தை பிளாஸ்டிக் உறை போட்டுக் கொண்டுவந்திருந்தேன். அதை ஒரு மரத்தில் சாய்த்து வைத்துவிட்டுத் தொடங்கினேன். கப்பல், கடல், மாட்டு வண்டி, சிந்திய வியர்வை என்று போய்க்கொண்டிருந்தது. மைக் இல்லாத குறைதான். சித்தப்பா மூன்று தடவை நண்டைப் பார்த்தார். அந்த நேரத்தில் பின்னால் ஒரு வேன் வந்து நின்றது. பத்துப் பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். கையில் துடைப்பம், வாளி, பாராங் கத்தி, பூ. அவர்களில் அறுபத்தைந்து வயதிருக்கும் ஓர் அம்மாள், பஞ்சாபி உடையும் தலையில் தொப்பியுமாக, துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு எங்கள் கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். யாரோ ஆர்வமுள்ளவர் என்று நினைத்து அவரைப் பார்த்தும் இரண்டு வாக்கியம் பேசினேன். அவரும் தலையாட்டினார். உரை முடிந்ததும் எல்லோரோடும் சேர்ந்து கைகூடத் தட்டினார்.

பிறகு பக்கத்தில் வந்து, மிகவும் தன்மையாகச் சொன்னார்.

"தம்பி, நல்லா பேசுனீங்க. ஆனா இவரு எங்க தாத்தாலா."

நான் புன்னகை மாறாமல் (தரக் கட்டுப்பாட்டில் வாடிக்கையாளர் புகாரை இப்படித்தான் எதிர்கொள்ளச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்) பதில் சொன்னேன்: "வரிச மாறி வந்திருப்பீங்க அக்கா. இங்க எல்லாமே ஒரே மாதிரிதான் இருக்கும்."

"வரிசயெல்லாம் மாறல. அறுபது வருஷமா வர்றேன். போன வருஷம் தம்பிக்கு ஆப்பரேசன், வர முடியல. அதுக்குள்ள இப்படி ஆயிருச்சு." அவர் கல்லறையை மேலும் கீழும் பார்த்தார். "பச்சையா ஆயிருச்சு."

கைப்பேசியை எடுத்துப் படங்களைக் காட்டினார். அதே கல், அதே சக்கரம், வெள்ளைச் சுண்ணாம்பு. அதன் முன்னால் அவர் கறுப்பு முடியோடு. பிறகு பாதி நரையோடு. பக்கத்தில் நிற்கும் பிள்ளைகள் படத்துக்குப் படம் வளர்ந்துகொண்டே போனார்கள். நான் ஒவ்வொரு படமாகத் தள்ளத் தள்ள என் விடாமுயற்சி கரைந்துகொண்டே வந்தது. அதற்குள் அவருடைய தம்பி குனிந்து கல்லைச் சாவியால் சுரண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா பெயிண்ட் இது? வர மாட்டேங்குது."

"எப்பாக்சி அண்ணே."

"எப்ப போகும்?"

"பத்து வருஷம் தாங்கும்."

இவ்வளவு நேரமும் நான் அப்பாவைப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை. இப்போது பார்த்தேன். அவர் கல்லின்மேல் வைத்திருந்த கையை மெல்ல எடுத்துக்கொண்டார். அடுத்தவர் வீட்டுப் பொருளைத் தெரியாமல் தொட்டுவிட்டவர் எடுப்பது போல எடுத்து, வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து நின்று அந்த அம்மாளைப் பார்த்துக் கும்பிட்டார்.

"மன்னிச்சிருங்கம்மா. பையன் என்மேல உள்ள ஆசையில செஞ்சிட்டான்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். முப்பத்தெட்டுப் பேர் முன்னால் எனக்காக அவர் மன்னிப்புக் கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை. ஒரு மணி நேரம் முன்பு அவருக்கு ஒரு தாத்தா இருந்தார். நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன், நான்தான் பிடுங்கிக்கொண்டேன். அந்த மயானத்தில் எனக்கும் ஓர் இடம் இருந்தால் படுத்துவிடலாம் என்று தோன்றியது.

அந்த அம்மாள் அப்பாவைப் பார்த்தார், படையலைப் பார்த்தார், என் பலகையை ஒரு தடவை வாய்விட்டுப் படித்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"ஐயோ, உக்காருங்க அண்ணே. எதுக்குக் கும்பிடுறீங்க? நாங்க வருஷா வருஷம் கோப்பியும் பிஸ்கட்டும்தான் வைப்போம். எங்க தாத்தா நண்டு சாப்பிட்டு எத்தன காலமாச்சோ. இன்னிக்குத்தான் அவருக்குத் தீபாவளி."

அவர் பெயர் சரஸ்வதி. சரசு அக்கா. பிரசவ வார்டில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்கள் கொண்டுவந்த பூவையும் எங்கள் படையலோடு சேர்த்து வைத்து, இரண்டு குடும்பமும் ஒன்றாகக் கும்பிட்டோம். பிறகு அங்கேயே மர நிழலில் பாய் விரித்துச் சாப்பிட உட்கார்ந்தோம். சரசு அக்கா அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, இந்தக் குளறுபடி எப்படி நடந்தது என்று என்னைக் கேட்டார். நான் அசடு வழிய என் ஏணிக் கணக்கைச் சொன்னேன். மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், அப்பா மூத்தவர், ஆகவே முத்தையா.

அவர் அப்பா பக்கம் திரும்பினார். அக்காவின் குரல் மாறிவிட்டது. வார்டில் கையில் அட்டையை வைத்துக்கொண்டு ஆயிரம் பெண்களைக் கேட்ட குரலாக இருந்திருக்கும்.

"அண்ணே, நீங்கதான் மூத்த பிள்ளையா?"

"ஆமாம்மா."

"ஒங்களுக்கு முன்னாடி பொறந்து தவறிப்போனது ஏதும் உண்டா?"

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார். எங்கள் குடும்பத்தில் யாரும் அவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. நான் எட்டு மாதம் ஊரெல்லாம் கேட்டேன், அவரைக் கேட்கவில்லை.

"ஒண்ணு இருந்துச்சு" என்றார். "ஆம்பளப் புள்ள. மூணு மாசத்துல போயிருச்சாம். நான் பாத்ததில்ல. பத்திரம் எதுவும் கெடையாது."

"பேரு வச்சிருந்தாங்களா?"

"வச்சிருந்தாங்க. எங்கம்மா ஒவ்வொரு தீபாவளிக்கும் எங்களுக்குத் துணி எடுத்தா, கைக்குழந்த சட்ட ஒண்ணும் சேத்து எடுக்கும். சாமிகிட்ட வைக்கும். யாருக்குன்னு கேட்டா ஆறுமுகத்துக்குன்னு சொல்லும்."

"சரி. அப்ப முத்தையாங்கிறது யாரு பேரு?"

"அது எங்கம்மாவோட அப்பா பேரு..."

சொல்லிக்கொண்டே வந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். சரசு அக்கா விளக்க வேண்டியிருக்கவில்லை. பாயில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் வழக்கம் தெரியும்: மூத்தவனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவைப் பெற்றவர் பெயர். என் அப்பா மூத்தவராக வளர்ந்த இரண்டாமவர். தாத்தாவின் பெயரை அவருக்கு முன்னால் வந்த பிள்ளை வாங்கிக்கொண்டு, மூன்றே மாதம் வைத்திருந்துவிட்டுப் போயிருக்கிறான்.

"ஆறுமுகம்" என்றார் அப்பா. பிறகு என்னைப் பார்த்து, "கருப்பையாவோட அப்பா ஆறுமுகம்டா" என்றார். இன்னொரு தடவை, "ஆறுமுகம்" என்றார். எச்சில் கையோடு அழுதார். அவ்வளவு காலமும் அந்தப் பெயர் அவருக்குள்ளேயே இருந்திருக்கிறது. ஒரு குழந்தைச் சட்டைக்குள் சுற்றி வைத்திருந்திருக்கிறார். விமலா எழுந்து போய் அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். போகும் வழியில் என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை, சொல்லாமல் விட்டதற்கு இன்றுவரை அவளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

திதி கொடுக்கும்போது தாய்வழிப் பெயர்களையும் குருக்கள் கேட்பார். அப்பா அங்கே வருடா வருடம் 'முத்தையா' என்று சொல்லியிருக்கிறார். எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்கிறீர்களா? அந்த நேரத்தில் நான் எப்போதும் காடியை எடுக்கப் போயிருப்பேன். கூட்டம் கிளம்பும் முன் வெளியே எடுத்துவிட வேண்டுமே!

அடுத்த விடுமுறையில் ஓடிப்போய் அந்தக் கோயில் ஏட்டை மறுபடி கேட்டேன். கரையான் அரித்த ஒரு பக்கத்தின் ஓரத்தில், விளக்கு எண்ணெய் உபயம் என்பதற்கு எதிரே, 'வண்டிக்கார ஆறுமு' என்று இருந்தது. மிச்சத்தைக் காணோம். முதல் தடவை பார்த்தபோதே அந்த வரியைப் படித்து, என் குறிப்பேட்டில் 'தொடர்பில்லை' என்று எழுதி வைத்திருந்தேன். அது இவர்தானா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பக்கத்தின் நகலை அப்பா தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறார். அதை நான் சோதிக்கப் போவதில்லை. அந்த எண்ணெயை யார் கொடுத்திருந்தாலும் அவருக்குப் புண்ணியம்.

கல்லறை இன்றும் பச்சையாகத்தான் இருக்கிறது. சரசு அக்கா வீட்டுப் பேரப்பிள்ளைகள் அதைப் 'பச்சைத் தாத்தா' என்கிறார்கள். பலகையை அக்காவின் தம்பி பெயர்த்து எடுத்து என்னிடம் கொடுத்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்கட்டில் வைத்தேன். விமலா அதன்மேல் ஊறுகாய் ஜாடி வைத்திருக்கிறாள். வீட்டில் யாராவது கண்ணாடியைத் தொலைத்துவிட்டு, நான் தேட எழுந்தால், "வேணாம்பா, நீங்க வேற யாரு கண்ணாடியையாவது கொண்டாந்து மாட்டி விட்டுருவீங்க" என்று என் மகள் உட்காரவைத்துவிடுகிறாள். எனக்குக் கோபம் வருவதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சரியான கல்லறையைக் கண்டுபிடித்திருந்தால் சரசு அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார். இவ்வளவு அழகாகத் தவறு செய்ய எல்லோருக்கும் வாய்க்காது.

அடுத்த தை அமாவாசைக்கு நான் காடியை எடுக்கப் போகவில்லை. அப்பாவின் பின்னாலேயே உட்கார்ந்திருந்தேன்.

"அப்பா பேரு?"

"கருப்பையா."

"தாத்தா பேரு?"

"ஆறுமுகம்!"

அவர் சொன்ன சத்தத்தில் முன்வரிசையே திரும்பிப் பார்த்தது. அப்பாவும் எல்லோரையும் திருப்பிப் பார்த்தார்.

"கொள்ளுத்தாத்தா பேரு?"

வழக்கப்படி பார்த்தால் அது கருப்பையாவாக இருக்க வாய்ப்பு உண்டு. நான் வாயைத் திறந்தேன். அப்பா திரும்பாமலேயே, "நீ சும்மா இருலா" என்றார். பிறகு குருக்களிடம், "அவரு பேரு தெரியல சாமி. தெரியலன்னே சொல்லுங்க" என்றார், தலையைக் குனியாமல்.

எல்லாம் முடிந்து குருக்கள் நகரப் போனபோது அப்பா கையை நீட்டி நிறுத்தினார். "இன்னும் ஒருத்தர் இருக்காரு சாமி. அவருக்கும் ஒரு கை தண்ணி விடணும். பேரு முத்தையா."

"அதான் தாய்வழியில சொல்லியாச்சே?"

"அவரு வேற. இவரு வேற."

"இவரு ஒங்களுக்கு என்ன வேணும்? ஒறவு சொல்லணுமே."

அப்பா விரலில் இருந்த தர்ப்பையை ஒரு தடவை திருகினார்.

"எங்க தாத்தாவக் கண்டுபிடிச்சுக் குடுத்தவருன்னு சொல்லுங்க" என்றார்.

குருக்கள் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். இப்போது அப்பாவுக்கு எண்பத்து நான்கு வயது. இந்த வருடமும் அப்படியே சொல்லித்தான் தண்ணீர் விட்டார்.